ஓட்டை போடாமல்

"என்ன வேணும்னாலும் மாட்டு,
ஓடத்துல மட்டும் ஓட்டை போட்றாத"
என்றாள் விருமாயி.
குத்தகையில் பாதி அவள் பணம்.
பகலெல்லாம் பழங்காநத்தத்தில்
அடுத்தவர் வீட்டு ஒழுகலை அடைக்கிறவன் நான்,
என்னிடம் போய்ச் சொல்கிறாள்.

டிரில்லைப் பையிலேயே வைத்துவிட்டேன்.
ஒன்றேகால் இஞ்ச் குழாய், ஒரு சாண்.
நெடுக ஒரு வெட்டு.
ரம்பப் பல்லில் வெள்ளைத் தவிடு.
ஸ்டவ்வில் காட்டி விரிக்க வேண்டும்:
முந்தினால் விரிசல்,
பிந்தினால் கொழுக்கட்டை.
இரண்டு துண்டு வீண்.
மூன்றாவதுதான் ஓடத்தின் விளிம்பைக் கவ்வியது,
குட்டியைத் தூக்கும் பூனை மாதிரி
பல் பதியாமல்.

உள்ளே, தேய்ந்த செருப்பில் அறுத்த ஒரு பட்டை.
வெளியே, சைக்கிள் டியூப் நாடா மூன்று சுற்று.
துடுப்பை வைத்து அழுத்தினேன்.
டொக்.
அந்த டொக்குக்காகவே
இருபது தடவை எடுத்து எடுத்து வைத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.

நங்கூரத்துக்குப் பெயிண்ட் டப்பா நிறைய சிமெண்ட்,
காய்வதற்கு முன் செருகிய கதவுக் கைப்பிடி.
எந்த வீட்டுக் கதவோ,
இப்போது கண்மாயைத் திறந்து மூடுகிறது.
தூக்குவாளிக்கு ஒரு கொக்கி, ஹேங்கர் கம்பியில்.

டார்ச்சை மட்டும் நாளைக்கு என்று விட்டேன்.

அன்று ராத்திரிதான் காவல்.
மாடக்குளம் கண்மாயில் மேற்கிலிருந்து காற்று.
யாரோ வலை விரிக்கிற சத்தம் என்று திரும்பினேன்;
நாரை.
முழங்கை பட்டு டார்ச் உருண்டது,
விழுந்தது.

அணையவில்லை அது.
ஒன்றரை ஆள் ஆழத்தில்
சேற்றில் வால் குத்தி நின்று
எங்களை அண்ணாந்து பார்த்து எரிந்தது.
ஜிலேபிக் கெண்டைகள் ஒன்றொன்றாக வந்து சுற்றின,
ரசீதில் மட்டும் நாங்கள் பார்த்திருந்த பணம்.

திட்டுவாள் என்று குனிந்திருந்தேன்.
விருமாயி எண்ணிக்கொண்டிருந்தாள்.
நாற்பத்தாறு, நாற்பத்தேழு
என்று உதடு மட்டும் அசைந்தது.

அப்போது குறுக்கே ஒரு விரால்.
முன்கை நீளம், அவசரமே இல்லை அதற்கு.
நாங்கள் விடாத விரால்.
"இது யாரு குடுத்த காசு?" என்றாள்,
பிறகு, "நம்ம குஞ்சத் தின்னுதான
இப்பிடி வளந்திருக்கு."
சிரித்தாளா என்று தெரியவில்லை.
வெளிச்சம் மஞ்சளாகி
பழுப்பாகி
ஒரு தீக்குச்சி அளவாகிப் போய்விட்டது.

கரை எந்தப் பக்கம் என்று பைபாஸ் விளக்குகள் சொல்லின.
இருட்டில் கை நீட்டினேன்.
துடுப்பு வைத்த இடத்தில் இருந்தது.

மறுநாள் புது டார்ச்.
வாலில் பச்சைப் பாவாடை நாடா,
நுனி ஓடத்தின் குறுக்குச் சட்டத்தில்.
முடிச்சு என் முடிச்சு இல்லை,
இழுக்க இழுக்க இறுகும் ரகம்.

நோட்டில் பார்த்தேன்.
டார்ச் நூற்றெண்பது,
முழுசும் என் கணக்கில்.
நாடாவுக்கு எதுவும் எழுதவில்லை.