ஒரே கதவு எண்

இரண்டாம் மாடியில் குழந்தைகள்.
மூன்றாம் மாடியில் பெரியவர்கள்.
நடுவே ஒரு கான்கிரீட் தளம், ஒரு சட்டம்.

டுலூத்தில் ஏரி உறைந்துகிடந்த வாரம்
ஒன்பது வயது பிரென்னா சொன்னாள்:
"பாதி ரொட்டியை நான் கீழே கொண்டுபோவேன்."
கீழே யார் என்றேன்.
ஷூ லேஸை அவிழ்த்தாள், கட்டினாள், அவிழ்த்தாள்.

என் கோப்பில் அந்த வீட்டுக்கு நிலவறையே கிடையாது.

மார்லிஸ் மேல்மாடிக்காரி.
லிஃப்டில் தினமும் பனியைப் பற்றிப் பேசுவோம்.
அன்று அவள் கையில் ஓர் உறை,
அதன்மேல் எனக்குத் தெரிந்த கதவு எண்.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு
உறையைத் திருப்பிக்கொண்டாள்.
சரிதான். நானாக இருந்தாலும் திருப்பியிருப்பேன்.

படிவம் எழுதினேன்:
எதற்கு, எவ்வளவு, யார் கண்ணுக்கு.
அம்மாவின் பழைய சிகிச்சை வேண்டாம், அடித்தேன்.
வாடகை பாக்கி வேண்டாம், அடித்தேன்.
போன் செய்து சொன்னவர் பெயர்,
அதை இரண்டு முறை அடித்தேன், தாள் கிழிய.

பதினோரு நாள்.
எத்தனை பாதி ரொட்டி என்று
கணக்குப் போடாமல் இருக்கப் பழகவில்லை இன்னும்.

வந்தது ஒற்றைத் தாள். கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே
ஓரின், வயது முப்பத்தொன்று, தாய்மாமன், பேச்சு வராது.
சாப்பாடு யார் தருவது என்ற கேள்விக்குப்
படம் வரைந்திருக்கிறான்:
படிக்கட்டு. மேல்படியில் இரண்டு சின்ன ஷூ,
லேஸ் அவிழ்ந்தபடி.

மேல்மாடிக்கு என் தாளும் போகவேண்டும்.
ரொட்டி வரியை மட்டும் விட்டுவைத்து
மீதியைக்
கறுப்பாக்கத் தொடங்கினேன்.