லாந்தமேன்

பினாங்கு மாதா கோயில் ஞானஸ்நான ஏட்டில்
கரையான் விட்டுவைத்த ஒரு பக்கம்.
தகப்பன்: வியாகுலம் லாந்தமேன்,
காரைக்கால். கிட்டங்கிக் கணக்கர்.

வந்துவிட்டாய், பூட்டனே.

பிரெஞ்சுக்காரன் எவனோ நம் ரத்தத்தில் என்று
அத்தை மக்கள் மூக்கைத் தடவிக்கொள்வார்கள்.
எவனும் இல்லை.
சாதி வழக்கம் வேண்டாமென்று கையெழுத்திட்டவர்கள்
அங்கேயே ஒரு குடும்பப்பெயர் சொல்ல வேண்டும்.
“நாளைக்கு வந்து சொல்றேனே” என்றிருப்பாய்.
குமாஸ்தாவுக்குப் பசி நேரம்.
லாந்தமேன் என்றால்
மறுநாள்.

இது நான் கட்டியது. ஏட்டில் இல்லை.

கடல் தாண்டியதில் பெயர் கொஞ்சம் தேய்ந்தது.
தாத்தாவை ஊரே லாந்தமன் என்றது.
அப்பா, சூசை அனாக் லெலாக்கி லாந்தமன்.
நான் சூசையின் மகள்,
என் அட்டையில் அதோடு சரி.

இன்று பதிவிலாகாவில்
பிள்ளையின் பெயர்க் கட்டத்துக்கு மேல்
பேனா நின்றுவிட்டது.
பின்னால் வரிசை செருமியது.
முகப்பில் இருந்த மலாய்ப் பெண் சொன்னாள்:
“எசோக் பூன் போலே, காக்.”
நாளைக்கு என்றாலும் ஆகும், அக்கா.

நான் சிரித்த சிரிப்பில்
மடியில் கிடந்தவன் விழித்துக்கொண்டான்.