பத்து மணிக்கு மேல்

செவ்வாய்க்கிழமை. சீசன் இல்லை.
நாயுடுபுரம் தாண்டி, கடைசி வளைவில்
ரிசார்ட்டின் புல்தரையில்
இரண்டு ஸ்பீக்கர், ஒரு லேசர் விளக்கு,
நான்.

பகலில் இதே ரிசார்ட்டில் கீசர் பழுது பார்ப்பேன்.
ஆறு மணிக்குக் கை கழுவி
கறுப்புச் சட்டை மாட்டினால்
டி.ஜே. பிரின்ஸ்.
ரேஷன் கார்டில் பிரான்சிஸ் அமலன்.

விறகு ஈரம்.
டீசல் ஊற்றியும்
தீ எங்களைப் பார்த்து இருமிக்கொண்டிருந்தது.
கேம்ப் ஃபயர் ஆளுக்கு இருநூறு என்று
போர்டில் எழுதியாகிவிட்டது;
புகைக்கும் அதே விலைதான்.

திருப்பூரிலிருந்து பதினோரு பேர்.
ஏதோ எக்ஸ்போர்ட் ஆர்டர் முடிந்ததற்கு
முதலாளி கொடுத்த இரண்டு நாள்.
ஏரிக்கரையில் வாங்கிய ஒரே நிற ஸ்வெட்டர்
பதினோரு பேருக்கும்.
விலைச்சீட்டைப் பிய்க்காமலே போட்டிருந்தார்கள்,
பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமாம்.

ஆண்கள் நெருப்பைச் சுற்றி நின்று
உள்ளங்கையை மட்டும் ஆட்டினார்கள்.
குரங்குக் குல்லா போட்ட ஓர் அக்கா,
செக்கிங் செக்‌ஷன் சுலோச்சனா,
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
நடுவில் வந்தார்.
எட்டு மணி நேரம் நின்றே பழகிய கால்.
அதற்கு இப்படியும் வரும் என்று
யாருக்கும் தெரிந்திருக்கவில்லை,
அவருக்கும்கூட.

பிறகு எல்லோரும் ஆடினார்கள்.
சமையல்கார முருகேசன் ஆடினான்,
சோளக்கதிரைத் தீயிலேயே மறந்துவிட்டு.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து.
மேனேஜர் வாட்சைத் தட்டிக் காட்டினார்.
இந்த ஊரில் இரவு என்பது
பத்து மணிக்கு முடிந்துவிடும் ஒரு பொருள்.
"தம்பி, ஒரே ஒரு பாட்டு."
வைத்தேன்,
சத்தத்தை மூன்றில்.
காய்ச்சல்காரக் குழந்தையின் மூச்சைக் கேட்பதுபோல்
ஸ்பீக்கரிடம் குனிந்து
பதினோரு ஸ்வெட்டர்களும்
மெதுவாக, மெதுவாக ஆடின.

பத்தரைக்கு கஸ்பார் கூப்பிட்டான், வீடியோவில்.
அவனுக்கு அங்கே மணி ஒன்று.
கோலாலம்பூர், புக்கிட் பிந்தாங்,
ஒரு பாரின் பின்வாசல்.
ஐஸ் மெஷினுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே
நின்றுதான் எப்போதும் பேசுவான்.
ஆறு வருடமாகக் கண்ணாடி டம்ளர் கழுவுகிறான்.
முன்வாசல் வழியாக ஒரு முறையும் நுழைந்ததில்லை.
பாட்டு அவனுக்குச் சுவரின் இந்தப் பக்கம்தான் வரும்:
வார்த்தை கிடையாது, ராகம் கிடையாது,
வெறும் பேஸ், கால் வழியாக.
"புதுப் பாட்டு வந்தா தரையிலேயே தெரிஞ்சிரும்டா."

ஃபோனைத் திருப்பித் தெருவைக் காட்டினான்.
சிவப்பு, நீலம், மழைத் தரையில் இன்னொரு சிவப்பு,
குதிகால் செருப்பைக் கையில் பிடித்து
வெறுங்காலோடு ஓடும் ஒரு பெண்.
"இங்க இப்பதான்டா ஆரம்பமே.
அங்க என்ன?"

நான் சொல்ல வாயெடுத்தபோது
மூங்கில் வேலி முறிந்தது.

காட்டுமாடு.
முதலில் ஒன்று, அதன் பின்னால் ஒரு கன்று,
அப்புறம் இருட்டே எழுந்து நடப்பதுபோல்
பெரியது.

நேராகச் சோளக்கதிருக்குப் போனது.
லேசரை அணைக்க மறந்திருந்தேன்.
அந்தக் கரும்பெரும் விலாவில்
பச்சைப் புள்ளிகள் சுற்றின, சிதறின, கூடின,
சத்தமே இல்லாமல்.

ஃபோனைத் திருப்பினேன்.
கஸ்பார் வெகுநேரம் பேசவில்லை.
அவன் பக்கத்துச் சுவர் மட்டும்
தும் தும் என்றது.
பிறகு கேட்டான்:
"ஆடுதா?"

"இல்லடா. ஒயர் மேல நிக்குது."

வயரைச் சுருட்டாமல் வீட்டுக்குப் போக முடியாது.
அது மென்று முடிக்கும்வரை
கீசர் ரூம் கதவுக்குப் பின்னால் நான்.
இடைவேளை முடிந்தும் கட் பண்ணாமல்
அவன்.