விடுபட்ட மதிப்புகள்

நாலாம் கட்ட மின்வெட்டு.
ஆறிலிருந்து எட்டரை வரை
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவின் முறை.
சமையல்மேடைக்குக் கீழே இன்வெர்ட்டர்
வயிறு நிறைந்த பூனையாக உறுமுகிறது.
ரவுட்டருக்கும் மடிக்கணினிக்கும் மட்டும் உயிர்.
இருட்டில் உட்கார்ந்து
நீலம் பூசிய முகத்தோடு
முதலாண்டுப் புள்ளியியல் நடத்துகிறேன்.

பதிவில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
திரையில் நாற்பத்தோரு கறுப்புச் சதுரம்,
சதுரத்துக்கு இரண்டெழுத்து.
கேட்கிறதா என்கிறேன்.
என் குரலே திரும்பி வருகிறது
அரை நொடி மூப்போடு.

யாரோ ஒலிவாங்கியை மூட மறந்துவிட்டார்கள்.
டாக்சி ஹாரன்.
ஜூலுவில் ஒரு பெண் யாரையோ ஏசுகிறாள்,
பாத்திரம் ஒன்று உருண்டு உருண்டு அடங்குகிறது.
இந்தப் பருவத்தில் என் வகுப்புக்குள்
ஆள் இருப்பதற்கான முதல் அடையாளம்.
மூடச் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

இன்றைய பாடம் விடுபட்ட மதிப்புகள்.
அட்டவணையில் ஒரு கட்டம் காலியென்றால்
பூஜ்யம் போட்டுவிடாதீர்கள்.
காலி வேறு, பூஜ்யம் வேறு.
ஏன் காலியானது என்று கேளுங்கள்,
காரணம்தான் பாதி விடை.
சொல்லிக்கொண்டே வந்தவன்
அடுத்த தாவலில் திறந்துகிடந்த
வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன்.
லுவாண்டிலே ம்தெத்வா:
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.
தட்டியது என் விரல்.
பங்கேற்புக்குப் பத்து மதிப்பெண் வேண்டுமென்று
துறைக் கூட்டத்தில் தூக்கியதும்
இதே கை.

எட்டரைக்குக் குளிர்பெட்டி குலுங்கி விழித்தது.
ஆறிய டீயோடு
பாடத்தளத்தின் உள்கணக்கைத் திறந்தேன்.
யார், எப்போது, எவ்வளவு நேரம்,
எல்லாம் அங்கே இருந்திருக்கிறது,
பார்க்கத்தான் ஆளில்லை.
ம்தெத்வா, ஆறாம் காணொலி: அதிகாலை 1.52.
ஏழாம் காணொலி: 2.20.
எட்டு, முந்தாநாள் ஏற்றியது: 3.05.
அதில் பதினெட்டாம் நிமிடத்துக்கு மட்டும்
பதினொரு தடவை திரும்பியிருக்கிறான்.

அந்த இடத்தை ஓடவிட்டேன்.
திரையில் நான்.
"இப்படி விடுபடுபவை பெரும்பாலும் தற்செயல்"
என்கிறேன், ஒரு தும்மல் போடுகிறேன்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு
அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.
தும்மலுக்குள் போயிற்று
ஓர் 'அல்ல'.

ஏன் நடுச்சாமத்தில் என்று கேட்டு எழுதினேன்.
பதில் 1.40க்கு வந்திருந்தது,
காலையில்தான் பார்த்தேன்.
"சார், பன்னிரண்டு மணிக்கு மேல் டேட்டா மலிவு.
பகலில் ஃபோன் அக்காவிடம்.
நோங்கோமாவில் எங்களுக்குச் சிக்னல்
தண்ணீர்த் தொட்டியின் மேல்தான், குளிர் வேறு.
பதினெட்டாம் நிமிடத்தில்
நீங்கள் சொன்னது தப்பா,
நான் கேட்டது தப்பா?"

நான் பாடம் எடுக்கும் மொழியில்
இரண்டுக்கும் ஒரே சொல்.
தமிழில் நினைத்தால்தான்
தரவு ஒரு பக்கம் நிற்கிறது,
டேட்டா ஒரு பக்கம்.
ஒன்றை நான் எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன்.
மற்றொன்றை அவன்
தொட்டி மேல் உட்கார்ந்து
எண்ணி எண்ணிச் செலவழிக்கிறான்.
பதினொரு தடவை
என் தும்மலுக்கு.

என் தப்புதான் என்று எழுதினேன்.
அந்த நாலு பூஜ்யங்களை அழித்தேன்.
உறுதியாகவா என்று கேட்டது தளம்.
போட்டபோது அது கேட்டிருக்கலாம்.
மீதி எழுபது பேரின் கணக்கை
இன்னும் திறக்கவில்லை,
திறக்கப் பயமாக இருக்கிறது.

அடுத்த மின்வெட்டுக்கு முன்னால்
எட்டாம் பாடத்தை மறுபடி பதிந்தேன்.
என் முகத்தோடு சேர்த்தால் முப்பத்தெட்டு எம்பி,
முகத்தை எடுத்துவிட்டால் நாலு.
எடுத்துவிட்டேன்.
சரியாக 'அல்ல' என்ற இடத்தில்
பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு ஹடேடா
ஊரே கேட்கக் கத்தித் தொலைத்தது.
இந்த முறை நின்றேன்.
அது முடிக்கும்வரை காத்திருந்து
அல்ல, என்று
இன்னொரு தரம் சொன்னேன்.

நறுக்கிப் போட நேரமில்லை,
அப்படியே ஏற்றிவிட்டேன்.
அந்த நாலு எம்பியில்
பறவைக்கு எவ்வளவு போயிற்றோ.