ஏழாவது கேள்வி

நாரின் நகரில் குளிர்கால விடுமுறை.
இலவசச் சட்ட உதவி மையத்தின் ஹீட்டர்
ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது.
இரண்டாம் ஆண்டு மாணவி எனக்கு
ஒரு மேசை, ஒரு நீலப் பேனா,
பதினொரு பக்கப் படிவம்.

எதிரே சைக்கால். வயது பத்தொன்பது.
கையுறையைக் கழற்றவில்லை.
செல்போன் கடையில் வேலை முடிந்து வந்தாள்,
கார் நின்றது, கதவு திறந்தது,
மூன்று பேர்.
ஒருவன் பள்ளியில் பின் பெஞ்சு.
இதைச் சொல்ல அவளுக்கு நாலு நிமிடம்.
எழுத எனக்கு நாற்பது.

ஏழாவது கேள்வி:
தலையில் வெள்ளைத் துணி போர்த்தியபோது
எதிர்ப்புத் தெரிவித்தீர்களா?
ஆம். இல்லை.
இரண்டு கட்டங்கள்,
ஒரு பயறு அளவு.

எந்தத் தடவையைக் கேட்கிறீர்கள்? என்றாள்.
முதலில் போர்த்தியபோது பிடுங்கி எறிந்தேன்.
அடுத்த தடவையும்.
பிறகு எண்ணவில்லை.
விடிகிற நேரம் யாரோ போர்த்தினார்கள்,
கை எழவில்லை,
தூங்கிப்போனேன்.
தூங்கினால் சம்மதமா, அக்கா?

அக்காவாம்.
அவளைவிட எனக்கு ஒரே வயதுதான் கூட.

பிஷ்கெக்கில் எங்கள் பேராசிரியர்
சம்மதம் என்ற ஒரு சொல்லுக்கு
மூன்று வாரம் ஒதுக்கினார்.
தேர்வில் நான் தொண்ணூற்றிரண்டு வாங்கினேன்.
அந்தத் தொண்ணூற்றிரண்டில் ஒன்றுகூட
அவளுக்குப் பதிலாகக் கைக்கு வரவில்லை.
கட்டத்தை விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதினேன்.
ஓரம் தீர்ந்தது.
தாளைத் திருப்பினேன்.

ஐந்து மணிக்கே இருட்டு.
வெளியே பழைய ஆடி காரில் அப்பா,
என் இருக்கை சூடாகட்டும் என்று
எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறார்.
முதலாண்டுக் கட்டணத்துக்கு
இரண்டு பெண் குதிரைகளை விற்றவர்.
பெண்ணுக்கு எதற்கு வக்கீல் படிப்பு என்றவர்களிடம்
எப்படியும் வாயாடுகிறாள்,
காசு வாங்கிக்கொண்டு வாயாடட்டும் என்றவர்.
கோட்டுக்குள் வைத்திருந்த ரொட்டியைப் பிட்டுத் தருகிறார்.

இன்றைக்கு என்ன வழக்கு?

சொல்லக்கூடாது அப்பா. ரகசியம்.

பெருமையில் ஸ்டியரிங்கைத் தட்டுகிறார்.
வக்கீலம்மா!

எதிரே ஒரு லாரி வந்தது.
அதன் வெளிச்சம் அவர் இடது காதில் விழுந்தது.
மடலில் பிறை மாதிரி ஒரு தழும்பு.
விருந்துதோறும் தொட்டுக் காட்டிச் சொல்வார்:
இது இவள் அம்மா எனக்குத் தந்த முதல் முத்தம்!
எல்லோரும் சிரிப்பார்கள்.
நானும்தான், பல் முளைத்த நாளிலிருந்து.
அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

லாரி போய்விட்டது.
ரொட்டி வாயில் அப்படியே இருந்தது.
இருபத்தொரு வருடமாக எங்கள் வீட்டில்
சாப்பிட்டு, தூங்கி, தொப்பி போட்டுக்கொண்டு நடமாடிய
ஒரு "ஆம்".
யாரும் படிக்காத சாட்சியம்.

என்னம்மா, குளிர்கிறதா? என்று
ஹீட்டரைக் கூட்டினார்.

கூடச் சுவரில் அந்தக் கல்யாணப் படம்.
அம்மாவுக்குச் சிவந்த கண்கள்.
ஜலதோஷம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சமையலறையில் போர்சோக்குக்கு மாவு பிசைகிறாள்.
நான் கோட்டைக் கழற்றவில்லை.
ஏழாவது கேள்வியைக் கேட்டேன்,
அச்சில் இருந்தபடியே,
"தெரிவித்தீர்களா" என்ற மரியாதையோடு.

மாவை இரண்டு முறை திருப்பிப் போட்டாள்.
யார் கேட்கிறார்கள்?
ஒரு படிவம், அம்மா.

கதவு பூட்டியிருக்கவில்லை, என்றாள்.
அதைக் கேட்கிறதா உன் படிவம்?
நிலைவாசலில் குறுக்கே ஒருத்தி படுத்துக்கொண்டாள்,
வயசானவள்.
தாண்டினால் சாபம்.
தாண்டியிருக்கலாம். உயரம் ஒரு முழம்கூட இல்லை.
சாபத்துக்குக் கட்டம் இருக்கிறதா?

இல்லை.

பக்கத்து அறையில் அப்பா தேநீர் கேட்டார்.
கெட்டிலை எடுத்தாள்,
கைப்பிடியில் மாவு ஒட்டியது.

அப்படியானால் வரைந்துகொள், என்றாள்,
என்னைப் பார்க்காமல்.
கொஞ்சம் பெரியதாக.