நானூற்று ஐந்து பாகை

கவராயத்தை எவ்வளவு விரித்தாலும்
சார்ட் அட்டை நடுவே
ஒரு தோசையளவுதான் விழுந்தது.
கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும்.
மதியச் சாப்பாட்டு மணியில் வீட்டுக்கு ஓடிய முப்பிடாதி
அம்மை பீடி சுற்றும் வட்டச் சொளவோடு வந்தாள்.
கவிழ்த்து வைத்து
ஓரத்தை ஒட்டிப் பென்சில் ஓட்டினோம்.
சொளவை எடுத்தால்
அட்டையெல்லாம் புகையிலைத் தூள்.
ஊதினேன்.
முன்வரிசையில் மூன்று பேர் தும்மினார்கள்.

முக்கூடல், ஏழாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
மன்னர்களையும் ஆண்டுகளையும்
கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த அலுப்பில்
இந்த வாரம் படமாகக் கேட்டிருந்தேன்:
வீட்டில் யாராவது ஒருவரின்
ஒரு நாள்.
மணிக்குப் பதினைந்து பாகை,
இருபத்து நாலு மணிக்கு முந்நூற்று அறுபது.
கணக்கு இவ்வளவுதான் என்றேன்.

எல்லோருக்கும் அந்த ஒரே சொளவு.
கை மாறிக்கை மாறி
வகுப்பு முழுக்க வட்டங்கள்.

ஏசுவடியானின் வட்டம் வெள்ளையாகக் கிடந்தது.
ஒரு கோடு போல ஒல்லியாய்
ஒரு சிவப்புத் துண்டு மட்டும்.
'அப்பா திருப்பூர்ல டீச்சர்.
போன் பேசுத இருவது நிமிசம்தான் எனக்குத் தெரியும்.'
ஐந்து பாகை.
அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது.
மீதியை எந்த நிறத்தால் அடிக்கச் சொல்வது?
பத்துக்கு எட்டு போட்டேன்.
எதற்காக இரண்டைக் குறைத்தேன் என்று
இன்னமும் தெரியவில்லை.

முப்பிடாதி பட்டியலோடு நின்றாள்.
பீடி பத்து மணி நேரம்.
தூக்கம் ஆறு.
சோறு, குழம்பு நாலு.
துணி, தண்ணி, ஆத்துக்குப் போய் வருவது மூன்று.
தம்பி மூன்று.
கட்டுகளைக் கடையில் கொடுத்து
கழித்ததை எண்ணித் திரும்புவது ஒன்று.

'கூட்டிப் பாரு' என்றேன்.
இருபத்தேழு.
'தப்புலா?'
'தப்பில்ல டீச்சர். நான் கூடவே இருந்து எழுதினேன்.'
'ஒரு நாளைக்கு இருபத்து நாலுதான் ஏட்டி.'
'எங்கம்மைக்கு ஆவுதே.
சோறு கொதிக்கும்போதும் இலை வெட்டும்லா.
தம்பியக் காலுல போட்டு ஆட்டிக்கிட்டே
நூலு கட்டும்லா.'

வகுப்பு சிரிக்கவில்லை.
பாதிப் பேர் தங்கள் தாளை
மெல்ல மறுபடி கூட்டத் தொடங்கினார்கள்.

நான் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி
நானூற்று ஐந்து பாகையில்
ஒரு வட்டம் எப்படி வரும் என்று யோசித்தேன்.
பி.எட். படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

கோமதிநாயகம்தான் எழுந்தான்,
வீட்டுப்பாடம் ஒருநாளும் கொண்டுவராதவன்.
'துண்டு மேல துண்டு ஒட்டினா என்ன டீச்சர்?'
அவன் பையில் கண்ணாடித் தாள் இருந்தது,
எதற்கு வைத்திருந்தானோ.
பீடிக்கு நீலம். சமையலுக்கு மஞ்சள்.
மஞ்சளின் பாதி நீலத்தின் மேல் ஏறியது.
அங்கே பச்சை.
தம்பியின் ரோஸ் ஏறிய இடம்
கத்திரிக்காய் நிறம்.

குறிப்புக் கட்டத்தில்
பச்சைக்கு என்ன எழுதுவது?
முப்பிடாதி கேட்கவில்லை, எழுதிவிட்டாள்:
'ரெண்டு சோலி'.

மறுவாரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்
கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
மொத்தம் சரியில்லையே என்றார்.
ஆமாம் சார், சரியில்லை என்றேன்.
குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.
பசை காய்ந்து
அந்த ஒரு பக்கம் மட்டும் தடித்துப்போய்
அட்டை சுவரில் கொஞ்சம் சாய்ந்தே தொங்குகிறது.

அன்றைக்கு மணியடிக்கும் முன்பே
அவள் என் மேசைக்கு வந்தாள்.
'சொளவு குடுங்க டீச்சர்.
இலையும் தூளும் மடியில வச்சிக்கிட்டு
அம்மை சும்மா உக்காந்திருக்கும்.'

மூன்று மணி நேரம்.
சொளவைத் தட்டிக் கொடுத்தேன்,
தூள் ஒட்டாமல் சுத்தமாக இருந்தது.
அந்த மூன்று மணியை
எங்கள் படம் எதிலும் யாரும் வரையவில்லை.