மாதிரி எண் பதினேழு

குண்டடத்துக்குத் தெற்கே ஏழாவது கிலோமீட்டரில்
பால் சொசைட்டி.
சாயங்காலம் ஐந்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.
அந்நேரம்தான் ஊர் ஒரே இடத்தில் நிற்கும்,
கையில் கேனோடு.

காரில் புரொஜெக்டர் இருந்தது,
முப்பத்தெட்டு ஸ்லைடு இருந்தது.
கரண்ட் வர எட்டு மணியாகும் என்றார்கள்.
ஃபேட் மிஷினுக்கு மட்டும் பேட்டரி.
தவிட்டு மூட்டைகளுக்கு மேலே
சுவரில் ஒரு முழம் கரும்பலகை.
"நேத்தைய ரேட்டை அழிச்சுட்டு எழுதிக்குங்."

இரண்டு வருடம் முன்பு, சித்திரை வெயிலில்,
இருபத்திமூன்று போர்களில் தண்ணீர் பிடித்துப் போனோம்.
போருக்கு ஒரு பாட்டில், மூடியில் ஒரு எண்.
டெஸ்ட் பண்ணிட்டு வந்து சொல்றோம் என்றுதான்
சொல்லியிருந்தேன்.
கட்டுரை வந்தது.
பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கு மதிப்பெண் உண்டு.
வந்து சொல்வதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

கோடு போட்டேன்: செம்மண், சுக்கான் கல்,
பாறை, பாறைக்குள் மயிரிழை வெடிப்பு.
ஆயிரத்து நூறு அடியில் நீங்கள் தொட்டது
போன ஐப்பசி மழை இல்லை என்றேன்.
எட்டாயிரம் வருடம் முன்பு பெய்தது,
அறுநூறு கூடவோ குறையவோ.

கேன்கள் சிமெண்டுத் தரையில் உரசின.

"அந்த அறுநூறு வருசம் எங்கீங் போச்சு?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
பதிலுக்கு நேரம் பிடிக்க.
வசந்தாமணிதான் சொன்னாள்,
மிஷினிலிருந்து கண்ணெடுக்காமல்:
"உங்க எருமைப் பாலையே ரெண்டு தடவெ வெச்சா
ஆறு புள்ளி ரெண்டுங்குது, ஆறு புள்ளி நாலுங்குது.
பொய்யா சொல்லுது?
அதுக்கு எத்தனெ தெரியுமோ
அத்தனெயச் சொல்லுது."

பிழை வரம்பு பற்றிப் பன்னிரண்டு வருடமாக
வகுப்பெடுக்கிறேன்.
பால் ரசீதின் பின்புறம் அதை எழுதிக்கொண்டேன்.

"எந்த ராசா காலத்து மழைங்க?"
ராசாவே இல்லாத காலம்.
"அப்ப வரியும் இல்லீங்."

எப்போது தீரும் என்றார்கள்,
மண்டபத்துக்குத் தேதி கேட்கிற குரலில்.
என்னிடம் தேதி இல்லை என்றேன்.
தேதி இல்லாமல் என்னத்துக்கு ஆராய்ச்சி என்று
ஒருவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.
அந்தச் சத்தம் பள்ளம் தாண்டும்வரை
யாரும் பேசவில்லை.

கடைசியில்தான் சென்னியப்பன் வாய் திறந்தார்.
"பதினேழாம் நம்பரு என்ற போருங்."
கட்டுரையில் பெயர் போடவில்லை என்றேன்,
அட்சரேகை தீர்க்கரேகை இருக்கிறது.
"பேரு கெடக்குதுங்.
போன மாசியில அது நின்னு போச்சு.
மோட்டாரு போட்டா காத்துத்தான் வருது.
பைப்பையெல்லாம் உருவி வித்தாச்சு.
நீங்க ஒரு பாட்டில் கொண்டுட்டுப் போனீங்கல்லோ,
அது இருக்குதுங்களா?"

மூன்றாம் தட்டில், குளிர்ப்பெட்டியில்,
சோதனைக்கு எடுத்தது போக ஒரு டம்ளர்.
பழைய மாதிரிகளைக் கொட்டிவிடலாம் என்று
போன வாரம்தான் பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

குடிக்கக் கேட்கவில்லை. பார்க்கக் கேட்கவில்லை.
கேனைக் கழுவிக் கவிழ்த்து
வண்டிக் கொக்கியில் மாட்டினார்.
"இருக்கட்டுங்" என்றார்.

நாளைய ரேட்டை எழுத
வசந்தாமணி ஈரத்துணியால் பாறையைத் துடைத்தாள்.
வெடிப்பு கொஞ்சம் அழியாமல் நின்றது,
பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் நடுவில்.

தாராபுரம் ரோடு ஏறியதும் மாணவனுக்கு
ஒரு வரி அனுப்பினேன்:
பதினேழைக் கொட்ட வேண்டாம்.
ஏன் மேடம், வேலை முடிந்துவிட்டதே என்றான்.
இரண்டு தரம் அடித்து அழித்து,
காற்றாலைகளின் சிவப்பு விளக்கு
ஒவ்வொன்றாய்ப் பின்னால் போக,
எழுதினேன்:
சொந்தக்காரர்
இருக்கட்டும் என்கிறார்.